பீரோவுக்குத் தலைவலி

வீடு மாற்றித் தரும் கம்பெனி ஒன்றில் அவன் சுமை தூக்குகிறவன். அங்கே அவனுக்குப் பீரோ என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பானா என்பது சந்தேகம். பட்டம் சும்மா வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் மக்கர் பண்ணியது. இரும்பு பீரோ ஒன்றைப் படிக்கட்டுத் திருப்பத்தில் திருப்பத் தெரியாமல் நான்கு பேர் சுற்றி நின்று மாநாடு போட்டுக்கொண்டிருந்தார்கள். இவன் பெல்ட்டை இறுக்கி, முதுகைக் கொடுத்து, தனியாளாகத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டான். உள்ளே இருந்த துணிமணிகளை வீட்டுக்காரர்கள் காலி பண்ணவே இல்லை என்பது லாரியில் வைத்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து பீரோ. சின்னப் பையன்களுக்குப் பீரோ அண்ணன்.

இப்பேர்ப்பட்ட பீரோவுக்கு ஒரு தலைவலி இருந்தது. தவணை கட்டச் சொல்லி ஃபோன் வந்தால் நாம் சொல்கிற தலைவலி இல்லை, நிஜத் தலைவலி. முதலில் பார்வையில் ஒரு பொட்டு விழும், பல்பை உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினால் விழுமே, அந்த மாதிரி. அது மெல்லப் பெரிதாகி, ஓரமெல்லாம் பல் பல்லாக மினுங்கிக்கொண்டு, ரம்பம் போல வளையும். ரம்பத்துக்கு உட்பக்கம் இருக்கிற ஆளும் சுவரும் காணாமல் போகும். கொஞ்ச நேரத்தில் ரம்பம் போய்விடும். போகிற போக்கில் தலையின் ஒரு பக்கத்துக்குள் வலியை அனுப்பிவிட்டுப் போகும். அப்புறம் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, எந்த வாசனையும் ஆகாது. குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். அரை நாள், சில சமயம் ஒரு நாள் பூராவும் ஆளை அடித்துப் போட்டுவிடும்.

சின்ன வயதிலேயே ஆரம்பித்துவிட்டது. அவன் அம்மாவுக்கும் இதுதான். அவள் நெற்றியைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, ஒரு கண்ணை மூடியபடியே சமைப்பாள். "பொம்பளைக்குத் தலைவலின்னா அன்னைக்கு அடுப்படிக்குப் போக மனசில்லைன்னு அர்த்தம்" என்று அப்பா கூடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார். பையனுக்கும் அதே வலி என்று தெரிந்த அன்று அம்மா பதறிப்போய் அவன் கண்மேல் ஈரத்துணியைப் போட்டு, காதோரம் சொன்னாள்: "வெளிய யார்கிட்டயும் சொல்லாதடா. ஆம்பளைப் பையனுக்கு இது தங்காது. வளர்ந்தா ஓடிடும்." அவன் அதை நம்பி வளர்ந்தான். முதுகு வளர்ந்தது, தோள் வளர்ந்தது, தலைவலியும் கூடவே வளர்ந்தது.

வளர்ந்து வந்து சேர்ந்த இடம் அப்படிப்பட்ட இடம். சுமை தூக்குகிறவர்கள் மத்தியில் விரல் நசுங்கினால் பெருமை. இடுப்பு பிடித்தால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தலைவலிக்கு மட்டும் மரியாதை கிடையாது. இவனுக்கு முன்பே வேலையில் இருந்த ஒருத்தர், பாவம், வெயில் ஏறினால் ஓரமாக உட்கார்ந்து நெற்றியில் தைலம் தேய்ப்பார். அவருக்குத் 'தைலக்காரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன தைலக்காரி, மாசமா இருக்கியா?" என்று கேட்பார்கள். மனுஷன் சில மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, பேப்பர் பேனா விற்கிற கடை ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டார். கேலி செய்தவர்களில் பீரோவும் உண்டு. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவனே அவன்தான். பயந்தவனுக்குத்தானே சிரிப்பு சத்தமாக வரும்.

ஒரு நாள் ஆளுயரக் கண்ணாடி பதித்த அலமாரி ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டு ஜன்னலில் இருந்து வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டு நேராகக் கண்ணில் அடித்தது. ரம்பம் வந்துவிட்டது. முதுகில் சுமை இருப்பவனுக்கு மேலே எதுவும் தெரியாது, முன்னால் போகிறவன் குரல்தான் கண். முன்னால் போனது அவனுடைய மச்சான், மனைவியின் தம்பி, லாரி டிரைவரும் அவன்தான். "வலது... ஒரு படி... நில்லு மாமா" என்று அவன் சொல்லச் சொல்ல, பாதிப் பார்வையை வைத்துக்கொண்டே பீரோ அலமாரியைக் கீறல் படாமல் கொண்டுவந்து சேர்த்தான். சேர்த்தவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சாக்கடையில் வாந்தி எடுத்தான். கண் செக்கச்செவேல் என்று இருந்தது, நடை தள்ளாடியது. வீட்டுக்காரர் பயந்துபோய்ப் பார்த்தார். கூட்டத்தில் ஒருத்தன் கேட்டான்: "என்னண்ணே, சரக்கு கொஞ்சம் ஓவரா?"

பீரோ ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

எல்லாருக்கும் அப்பாடா என்று ஆகிவிட்டது. குடி என்றால் தெரிந்த விஷயம். வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். முதலாளி கூப்பிட்டு, "வேலைக்கு வர்ற அன்னைக்கு வேணாம்ப்பா" என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினார். தலைவலி என்றால் வேலைக்கு லாயக்கில்லாதவன். குடி என்றால் நல்ல வேலைக்காரன், ஒரே ஒரு கெட்ட பழக்கம், அவ்வளவுதான். இந்த நியாயம் எந்த ஊர் நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

ஒரு தலையாட்டலோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மச்சான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா? அன்றைக்கே அக்காவிடம் ஒப்பித்துவிட்டான். பீரோவின் மனைவி ஒரு சலவைக் கடையில் வந்து விழும் துணியைப் பிரிப்பவள். எந்தச் சட்டைக்கு எந்தக் கறை, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று கையும் மூக்கும் பார்த்து முடிவு செய்கிற வேலை. அடுத்த முறை அவன் கண் சிவந்து, தள்ளாடி வந்து, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபோது, அவள் குனிந்து மோந்து பார்த்தாள். வாடையே இல்லை. அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க, போதைப் பொடி கிடி ஏதாவது போடுறீங்களா? உண்மையைச் சொல்லுங்க!"

அந்தச் சமயத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. "குடிதான்... வேற ஒண்ணுமில்ல" என்று முனகினான். மறுநாளே ஒரு குவார்ட்டர் பாட்டில் வாங்கி லாரியில் டிரைவர் சீட்டுக்குக் கீழே போட்டு வைத்தான். வலி வந்தால் வீட்டுக்குப் போகும் முன், மச்சான் பார்க்காத நேரத்தில் அதை எடுத்து சட்டைக் காலரில் நாலு சொட்டுத் தெளித்துக்கொள்வான். அந்த வாடையோ அவனுக்குத் தலையில் கடப்பாரை போட்ட மாதிரி. ஒரு நல்ல குடிகாரனாக இருப்பதற்கு அவன் பட்ட பாடு எந்தக் குடிகாரனும் பட்டிருக்க மாட்டான். ஒரு பாட்டில் அவனுக்கு ஒரு வருஷத்துக்கு வந்தது.

மாத்திரைக்கும் ஒரு நாடகம். மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை கேட்டால் அந்தப் பையன், "வீட்டம்மாவுக்கா அண்ணே?" என்பான். "ஆமாப்பா, அவளுக்கு ஓயாத தலைவலி" என்று சொல்லி வாங்கி, யாரும் பார்க்காமல் விழுங்குவான். வாழ்நாளில் ஒரு தலைவலி வராத அந்தப் பெண்ணை மருந்துக் கடைக்காரன் வழியில் பார்த்தால், "இப்பப் பரவாயில்லையாக்கா?" என்று விசாரிப்பான். அவளும் குடிகாரன் பெண்டாட்டியிடம் ஊர் காட்டுகிற இரக்கம் போல என்று நினைத்து, தலையைக் குனிந்துகொண்டு போவாள்.

இதற்கு நடுவே மது மறுவாழ்வு மையம் ஒன்றில் அவனைச் சேர்த்தார்கள். அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே வாரம் ஒருமுறை எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தங்கள் கதையைச் சொல்ல வேண்டும். பீரோவிடம் சொல்லக் கதை இல்லை. போன வாரம் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னதை இந்த வாரம் தன் கதையாகச் சொன்னான். பாதியில் அந்த மனுஷனே அழுதுவிட்டார், தன்னுடைய கதை என்று தெரியாமல். இடையிடையே வலி வந்தபோது, அதிர்ஷ்டவசமாக, மச்சான் கூட வராத வெளியூர் வேலையில் இருந்தான். அதனால் இத்தனை நாள் தொடவே இல்லை என்று எல்லாரும் கை தட்டி, கண்ணாடி போட்ட ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். 'மதுவை வென்ற மாவீரர்' என்று அதில் எழுதியிருந்தது. மனைவி அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, தினம் துடைத்தாள். அவள் முகத்தில் அந்தக் கொஞ்ச நாள் இருந்த வெளிச்சத்தை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அடுத்த முறை வலி வீட்டிலேயே வந்தது. அவள் ஷீல்டைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

அவர்களுக்கு ஒரே மகள். அப்பா குடிப்பார் என்று தெரிந்தும் அப்பாவிடம் ஒட்டுதல் விடாத பெண். வகுப்பில் கெட்டிக்காரி, வாய் அதைவிடக் கெட்டி. அவள் வயதுக்கு வந்த சில மாதத்தில் ஒரு நாள், "அம்மா, போர்டுல பாதி எழுத்தைக் காணோம்" என்று வந்து நின்றாள். கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். கண் பரிசோதித்தவர், "கண்ணு கழுகு மாதிரி இருக்கே" என்றார். அடுத்த மாதமும் அதே. கூடவே தலைவலி, வாந்தி. சொல்லி வைத்த மாதிரி மாதவிடாயை ஒட்டியே வந்தது.

"எல்லாருக்கும் வர்றதுதான்டி. பொண்ணாப் பொறந்தா கொஞ்சம் பொறுத்துக்கத்தான் வேணும்" என்றாள் அம்மா. அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. அவளுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள், அவளும் பொறுத்துக்கொண்டிருந்தாள், வயிற்றுவலியைத்தான் என்றாலும். எல்லா வலியையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டித்தான் அவளுக்குப் பழக்கம்.

பீரோவுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மகள் ஜன்னல் திரையை இழுத்துவிட்ட விதம், ஒரு பக்கத் தலையைத் தலையணையில் அழுத்திக்கொண்ட விதம், டம்ளர் வைக்கிற சத்தத்துக்கு முகத்தைச் சுளித்த விதம், எல்லாம் அவனுடையது. என் முதுகு இவளுக்கு வேண்டாம், என் நிறம் வேண்டாம், போயும் போயும் இதையா கொடுத்தேன் என்று உள்ளுக்குள் குமைந்தான். சத்தமில்லாமல் போய் விளக்கை அணைத்தான், ஈரத்துணி போட்டான், டிவியை நிறுத்தினான். மகள் கண்ணைத் திறக்காமலே அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் அவன் சொல்லவில்லை. மலை போல முதுகு இருந்து என்ன, நாக்கு ஒரு சொல்லைத் தூக்க மாட்டேன் என்றது.

கணக்குப் பரீட்சையன்று மகள் பாதியில் பேனாவை வைத்துவிட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் இருந்து அழைப்பு வந்தது. பீரோவும் மனைவியும் போனார்கள். பிள்ளைகளின் மனக்குறைகளைக் கேட்பதற்கென்றே ஓர் ஆசிரியை அங்கே இருந்தார். நல்ல மனுஷி. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, மெதுவாக விசாரித்தார். கண் நன்றாக இருக்கிறது. சாதாரண டாக்டர் ஒருவரும் பார்த்து ஒன்றுமில்லை என்றுவிட்டார். அப்படியானால்?

"வீட்டுல ஏதாவது பிரச்சனை இருக்காம்மா? குழந்தைங்க வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. தலைவலி, வயித்துவலின்னு உடம்புல காட்டுவாங்க" என்றார்.

மனைவி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம் உடைந்துவிட்டாள். "இவர் குடிப்பாரு டீச்சர். அடிக்க மாட்டாரு, கத்த மாட்டாரு, குடிச்சிட்டு வந்து இருட்டுல படுத்துக்குவாரு. அவ சின்னப் புள்ளையில இருந்து பார்த்துட்டே இருக்கா."

ஆசிரியை பீரோவைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை, பாவமாகப் பார்த்தார். அந்தச் சின்ன நாற்காலியில் தன் பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவன் கூனிக் குறுகிப்போனான். அந்த அறையில் உண்மை தெரிந்த ஒரே ஆள் அவன்தான். அவனும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியிலேயே மனைவி முடிவு செய்துவிட்டாள். வெளியூரில் அவளுடைய அக்கா இருக்கிறாள். பரீட்சை முடிந்ததும் மகளை அங்கே அனுப்பி, அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது. "பெரியம்மா வீட்டுல இருந்தா அவளுக்குத் தலைவலி நின்னுடும்" என்றாள். நிற்காது என்று அவனுக்குத் தெரியும். அங்கேயும் ரம்பம் வரும். அப்போது திரையை இழுத்துவிட, டிவியை நிறுத்த, அங்கே ஆள் இருக்காது. அப்பாவின் குடியை விட்டு வந்தும் ஏன் இன்னும் நடிக்கிறாய் என்றுதான் கேட்பார்கள்.

அன்று மாலை மச்சானும் வந்திருந்தான். மகளின் துணிகளை வைக்க ஒரு பெட்டி எடுத்து வந்திருந்தான், கம்பெனி அட்டைப் பெட்டிதான். எத்தனையோ வீடுகளின் சாமான்களை அந்தப் பெட்டிகளில் கட்டி ஏற்றிய பீரோவுக்கு, தன் வீட்டுக் கூடத்தில் அது வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதைப் பார்க்க முடியவில்லை.

"அவ எங்கயும் போக வேணாம்" என்றான். "அவளுக்கு இருக்கறது ஒத்தைத் தலைவலி. எனக்கும் அதுதான். எனக்குச் சின்ன வயசுல இருந்தே இருக்கு. நான் குடிச்சதே இல்ல."

முதலில் சிரித்தவன் மச்சான். "மாமா, இது ஷீல்டுக்கு மேல இருக்கே!"

மனைவி சிரிக்கவில்லை. "பொண்ணை அனுப்பறேன்னதும் புதுக் கதையா? இத்தனை வருஷம் நான் மோந்து பார்த்தது என்ன, பன்னீரா?"

"காலர்ல தெளிச்சுக்குவேன். தலைவலின்னா சிரிப்பாங்கன்னு... பொம்பளை நோய்னு சொல்லுவாங்கன்னு..."

"எல்லாக் குடிகாரனும் குடிக்கலைன்னுதான் சொல்லுவான். தெளிச்சுக்கிட்டேன்னு சொன்னவரு நீங்க ஒருத்தர்தான். யாருக்குக் காது குத்தறீங்க?"

பொய்யை உடனே நம்பினார்கள், உண்மைக்குச் சாட்சி கேட்கிறார்கள். அப்போது உள்ளறைக் கதவோரம் நின்றிருந்த மகள் கேட்டாள்:

"அப்பா, அந்த ரம்பம் மாதிரி வருமே, அதுக்கு உள்ள உனக்குக் கறுப்பாத் தெரியுமா?"

"கறுப்பு இல்லம்மா" என்றான். "கறுப்பா இருந்தாலாவது அங்க ஒண்ணு இருக்குன்னு சொல்லலாம். அங்க ஒண்ணுமே இருக்காது. உன் முகத்தைப் பார்ப்பேன், பாதி இருக்காது. இல்லாத மாதிரியும் இருக்காது. அப்படியே... எப்படிச் சொல்றது."

"அதான்!" மகள் ஓடி வந்தாள். "அதைத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றேன். ஒருத்தருக்கும் புரியல. கண்ணு டாக்டர்கூடக் கறுப்பான்னு திரும்பத் திரும்பக் கேட்டாரு. உனக்குத் தெரியுமாப்பா? தெரிஞ்சுதான் லைட்டை அணைச்சியா?" என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தனக்கு மட்டும் வந்த பைத்தியம் என்று இத்தனை நாள் பயந்திருந்தாளாம். அந்தப் பயத்தைச் சொன்னால் அம்மா கலங்கிவிடுவாள் என்று அதை மட்டும் மென்று விழுங்கியிருந்தாளாம். அப்பாவும் பொண்ணும் ஒரே அச்சு.

மனைவி எழுந்து குளியலறைக்குப் போனாள். அழுக்குக் கூடையில் போன தடவை வலி வந்த அன்று அவன் போட்டிருந்த சட்டையும் பனியனும் இன்னும் துவைக்காமல் கிடந்தன. சட்டையை எடுத்துக் காலரை மோந்தாள்: பிராந்தி. கை மடிப்பை மோந்தாள், அக்குளை மோந்தாள்: வியர்வை, லாரிக் கம்பளியின் தூசி. பனியனை மோந்தாள்: வியர்வை மட்டும். சலவைக் கடையில் குடிக்கிறவர்கள் துணியைப் பை திறக்கும்போதே அவளால் சொல்லிவிட முடியும். அந்த வாடை வியர்வையோடு ஊறி, பனியனிலும் தலையணை உறையிலும்தான் நிற்கும். காலரில் மட்டும் குடிக்கிறவனை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. ஊரார் துணியையெல்லாம் பிரித்துப் பார்த்தவள் வீட்டுத் துணியைக் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் போட்டிருக்கிறாள், வெறுப்பில்.

சட்டையோடு கூடத்துக்கு வந்தாள். அவன் பிழைத்தோம் என்று நினைத்திருப்பான். அவள் கேட்டது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது.

"உங்களை நாலு பேர் பொம்பளைன்னு சொல்லிடக் கூடாது. அதுக்காக நான் குடிகாரன் பொண்டாட்டியா இருந்தேன். இல்லையா? எங்க அக்கா வீட்டுக்கு எந்த நல்லது கெட்டதுக்கும் உங்களைக் கூட்டிட்டுப் போனதில்ல. சம்பளத்தை எங்க ஒளிச்சு வைக்கறதுன்னு தெரியாம அரிசி டப்பாவுல வெச்சேன். இன்னைக்கு அந்த டீச்சர் முன்னாடி அழுதேன். வாயைத் திறந்தீங்களா? தலைவலின்னு சொல்லியிருந்தா உங்களை ஒரு மாசம் சிரிச்சிருப்பாங்க. என்னைப் பார்த்து இத்தனை வருஷம் 'பாவம், பாவம்'னாங்களே!"

மச்சான் அட்டைப் பெட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல நழுவினான்.

மறுவாரம் மூவரும் நரம்பு டாக்டரிடம் போனார்கள். அவர் மகளிடம் எல்லாம் கேட்டுவிட்டு, வழக்கப்படி அம்மா பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இருக்காம்மா?"

"எனக்கில்ல. இவருக்கு" என்றாள். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவனைப் பற்றி ஒரு டாக்டரிடம் அவள் சொன்ன முதல் உண்மை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இது மூளை சம்பந்தப்பட்ட நோய், நடிப்பும் இல்லை, பயமும் இல்லை. "சின்ன வயசுல பையன், பொண்ணு ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வரும். வயசுக்கு வந்ததுக்கப்புறம் பொண்ணுங்களுக்கு எகிறிடும். மாசாமாசம் ஹார்மோன் ஏறி இறங்குறப்ப மூளையையும் சேர்த்து ஆட்டி வைக்கும். அதனால இது பொம்பளைங்க நோய்னே எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. ஆம்பளைங்களுக்கும் உண்டு. ஆனா இங்க வர்றதில்ல. வெக்கம்."

"சொன்ன பொம்பளைங்களுக்கு மட்டும் என்ன கிடைச்சுது டாக்டர்?" என்றாள் மனைவி. "இவ வாயைத் திறந்து சொன்னா. நானே காதுல வாங்கல." மகளின் பின்னலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். அவள் கண் கலங்கியதை மகள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

மருந்து இரண்டு பேருக்கும் கொடுத்தார்கள், வேறு வேறு அளவில். பொட்டு விழுந்த உடனே போட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று. ஆசிரியை டாக்டரின் சீட்டைப் படித்துவிட்டு மகளிடம் மன்னிப்புக் கேட்டார், கணக்குப் பரீட்சையை மறுபடி எழுதவைத்தார். பெரியம்மா ஊர்ப் பயணம் நின்றது. தலைவலி முழுசாக நின்றுவிட்டது என்று சொன்னால் நான் பொய் சொன்னதாகும். குறைந்தது. வந்தால் என்ன செய்வது என்று தெரிந்தது.

பீரோ வேலையிடத்தில் சொல்லிவிட்டான். எதிர்பார்த்தபடியே சிரித்தார்கள். "அப்ப பாட்டில்ல இருந்ததெல்லாம் செண்டா அண்ணே?" என்றார்கள். புதுப் பெயர் வைக்க முயற்சி செய்து பார்த்தார்கள், ஒட்டவில்லை. இரும்பு பீரோவைத் தூக்கியவனுக்கு வேறு பெயர் எப்படி ஒட்டும்? அன்று சாமான் ஏற்றி முடிந்ததும், கூட்டத்திலேயே முரட்டு ஆள் ஒருத்தன், சிரித்தவர்களில் முன்னால் நின்றவன், கயிறு சுற்றுகிற சாக்கில் பக்கத்தில் வந்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அண்ணே, அந்த மாத்திரை பேர் என்ன?" என்றான். "வீட்டுல கேட்டாங்க."

பீரோ அவன் முகத்தைப் பார்த்தான். பேரைச் சொன்னான். "டாக்டரைப் பார்க்காம போடக் கூடாது. வீட்டுல தெரிய வேணாம்னா, நான் கூட வர்றேன்" என்றான். அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

வீட்டில்தான் விடியவில்லை. மனைவி சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், மகளைப் பற்றிப் பேசினாள். மற்றபடி முகம் கொடுக்கவில்லை. ஷீல்டை எடுத்துக் குப்பையில் போடப் போனவனிடமிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "அதுல கை வைக்காதீங்க. மாவீரர்னு போட்டிருக்குல்ல, அது எனக்குக் கொடுத்தது" என்று மறுபடி டிவிக்குப் பக்கத்தில், முகம் தெரிகிற மாதிரி வைத்தாள். சரிதான் என்று அவனுக்கும் பட்டது. எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் அவளுக்கு உரிமை இருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டு இருந்தான்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் வெயிலில் இரண்டு வீடு ஏற்றி இறக்கிவிட்டு வரும்போது பொட்டு விழுந்தது. மாத்திரையை லாரியிலேயே போட்டுக்கொண்டான். கண் சிவக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து படுத்தான். சமையலறையில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. காலடி வந்தது. கண்ணை மூடியிருந்தாலும், அவள் குனிவது தெரிந்தது. வருஷக்கணக்கான பழக்கம், மூக்கு காலருக்கு அருகே வந்துவிட்டது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான், தப்புச் செய்தவன் போல.

அவள் அப்படியே நின்றாள். பிறகு ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நெற்றியில் கையை வைத்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"எந்தப் பக்கம்?"